உன் அம்மா பாலாற்றைத் தாண்டிய கதை

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சென்னையில் ஒரு பெரிய செருப்புக் கடையில், ஐம்பது வயதைத் தாண்டிய நான், ஓர் ஆண்கள் ஷூவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றபோது பிடிபட்டேன். ஒன்றோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. இடது காலை முகர்ந்து முடித்துவிட்டு வலது காலை எடுத்திருக்கிறேன். விற்பனைப் பையன் பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாக, "மேடம், சைஸ் சொன்னீங்கன்னா எடுத்துக் குடுக்கறேன்" என்றான். "சைஸ் வேணாம்ப்பா, வாசனை பாக்கறேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் என் மகளைப் பார்த்தார். என் மகள், இந்த அம்மா யாரோ என்பதுபோலக் குடைகள் தொங்கிய பக்கம் போய்விட்டாள்.

நீ இருந்திருந்தால் அந்த வலது காலை என்னிடமிருந்து பிடுங்கி நீ முகர்ந்திருப்பாய்.

நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது. ரயில் ஆம்பூரை நெருங்கும்போது தோல் பதனிடும் வாடைக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாம் அந்த வாடையை வைத்துத்தான் மூட்டையை இறக்க எழுந்திருப்போம். ஆனால் நான் கடையில் முகர்ந்தது அந்த வாடை இல்லை. எல்லா நாற்றமும் கழுவிப் போன பிறகு காய்ந்த தோலில் மிஞ்சுமே, கொஞ்சம் மரப்பட்டை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வெயில், அந்த வாசனை. மூக்கில் ஏறியதும் எனக்குப் பதினோரு வயது ஆகிவிட்டது. பக்கத்தில் நீ நின்றிருந்தாய்.

உன் அம்மா விவகாரத்தைத் தொடங்கி வைத்த பொய் என்னுடையது. ஐந்தாம் வகுப்பில் பேய் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கெல்லாம் நான்தான் அதிகாரி. எங்கள் வீட்டில் பேய் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். மற்ற ஆறு நாளும் எனக்குத் தெரிந்த பேய்கள் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் இருந்தன. எந்தப் பேய் எத்தனை மணிக்கு வரும், எதற்கு அடங்கும் என்று மதிய இடைவேளையில் விளக்கம் சொல்வேன். கேட்பவர்களின் வாய் மூடிவிடக் கூடாதே என்று ஒருநாள் அவசரத்துக்குப் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டேன்: "பேயால ஆத்தத் தாண்டவே முடியாது. எந்தக் கரையில செத்துச்சோ அந்தக் கரையிலயே நிக்கும்."

கூட்டத்தில் நீயும் இருந்தாய். ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாய். நாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள் நீ என்பது, அந்த நேரத்தில் அதிகாரிக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த மே மாதம் உனக்குக் காட்பாடியில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. நம் தெருவில் யாருக்கும் கிடைக்காதது. நீ போகமாட்டேன் என்றாய். லாரி ஓட்டுகிற உன் அப்பா கெஞ்சினார், அதட்டினார், பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டார். உன்னை வளர்த்த அத்தை, வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல் பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர், ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: "போவலன்னா வுடு. எங்கூட ஒக்காந்து தைக்கட்டும். இன்னா பண்றது, அது தலையெழுத்து." திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை உன்னிடம் வந்தேன். "இன்னாடி பேஜார் பண்ற? போனா இன்னா?"

"எங்கம்மா இந்தக் கரையிலதானே இருக்குது. காட்பாடிக்குப் பாலாத்தத் தாண்டணும். நான் போய்ட்டா அது எப்டிடி வரும்?"

"யாரு சொன்னது?"

"நீதான் சொன்ன."

"அய்யோ, அது சும்மா சொன்னதுடி" என்றேன்.

"இப்ப மாத்திப் பேசாத. எங்கம்மா விஷயம்னா மட்டும் சும்மாவா?"

வாழ்க்கையில் முதன்முறையாக நான் உண்மையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. கடைசியில் நீயே முடிவு செய்தாய்: அம்மாவையே கேட்டுவிடலாம். எங்கே போய்க் கேட்பது என்பதில் உனக்குச் சந்தேகம் இல்லை. மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போதெல்லாம் உன் அத்தை கையை நீட்டிக் காட்டுவாராம்: "அதோ, அங்கதான் உங்கம்மா சாயம் போட்டுனு இருந்தா." அந்தக் கை நீண்ட திசையில், பச்சைக் கேட் போட்ட, தோல் பதனிடும் அந்த டேனரி இருந்தது. கழிவுநீர்ச் சிக்கலில் இரண்டு மாதமாக மூடிக் கிடந்தது. பேய்களுக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

உச்சி வெயிலில் போனோம். பேய் நடமாடும் நேரம் அதுதான் என்பதும் என் துறை சார்ந்த தகவல். இரும்பைக் கண்டால் பேய் அண்டாது என்பதால், ஈரத்தோலைப் பலகையில் இழுத்து அடிக்கிற சின்ன ஆணிகளைத் தெருவில் பொறுக்கி, ஆளுக்குப் பதினொன்று எடுத்து வந்தேன். நீ உன் பங்கைக் கேட்டுக்கு வெளியிலேயே கொட்டிவிட்டாய்.

"அம்மாவ பாக்கப் போறப்ப எதுக்குடி ஆணி?"

என் ஆணிகளை நான் கொட்டவில்லை. அது உன் அம்மாதானே, என் அம்மா இல்லையே.

காவல்கார பாய் வேப்பமர நிழலில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே சுண்ணாம்புத் தொட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. தோலைப் போட்டு உருட்டுகிற மர டிரம்கள், வீடு உயரம் இருப்பவை, இருட்டில் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று லேசாக முனகியது. நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். மாடிக்கு ஏறினோம். உலர்த்தும் கூடம். சுவர் முழுக்க மரச் சட்டங்கள், அவற்றின் இடுக்கில் கோடு கோடாக வெயில். கழிகளில் எடுக்காமல் விட்டுப்போன தோல்கள் நூற்றுக்கணக்கில், வெளிர் நீலத்தில், நான்கு கால்களையும் விரித்தபடி தொங்கி ஆடின. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக நம் பக்கம் திரும்பும். காற்று நின்றால் ஒன்றாகத் திரும்பிக்கொள்ளும்.

அப்போதுதான், எங்கிருந்தோ, "மே..." என்றது.

நான் செய்ததை இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் வாய்ப்பாட்டோடு கலந்து சொன்னேன். இத்தனை ஆட்டுத் தோல் தொங்குகிற இடத்தில் மனிதப் பேய் எதற்கு வரப்போகிறது, ஆட்டுப் பேய்தானே வரும் என்ற எளிய கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ சட்டத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தாய். "பாயோட ஆடுடி" என்றாய். பிறகு நகர்ந்து போனாய்.

கூடத்தின் கோடியில் ஒரு தூண். சாயம் தேய்க்கிறவர்கள் வேலை முடிந்து கையைத் துடைத்த தூண். பழுப்பு, கறுப்பு, செம்மண் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைத்தடங்கள். நீ ஒவ்வொன்றிலும் உன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய். ஓரிடத்தில் நின்றாய். சின்னக் கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. உன் அம்மாவுக்கு ஆட்டுக்கல்லில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல் என்று அத்தை சொல்லியிருக்கிறார். உன் உள்ளங்கை அதில் கொஞ்சமும் மிச்சமில்லாமல் பொருந்தியது.

"ம்மா" என்று கூப்பிட்டாய். "நான் காட்பாடி போவட்டுமா? ஆத்தத் தாண்டணும்மா."

தோல்கள் ஆடின. பதில் இல்லை. மூன்று தடவை கேட்டாய். பிறகு திரும்பாமலேயே சொன்னாய்: "உன் ஆணியாலதான் அது வர மாட்டேங்குது. போடுடி கீழ."

பத்து ஆணிகளைப் போட்டேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், அப்படிப்பட்டவள் நான். அப்போதும் பதில் வரவில்லை. உன் முதுகைப் பார்த்தேன். தோள்பட்டை இரண்டும் குறுகிப்போயிருந்தன. பேய் வந்துவிடுமோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் பிடித்தது: யாரும் வரப்போவதில்லை. நாள் பூராவும் நின்றாலும் இந்தக் கூடத்தில் நம்மைத் தவிர யாரும் பேசப்போவதில்லை. திங்கட்கிழமை நீ ஊசியை எடுத்துவிடுவாய்.

பதினோராவது ஆணியையும் கீழே போட்டேன். மூன்று வரிசை தோல்களுக்குப் பின்னால் போய் நின்று, குரலை அடித்தொண்டைக்கு இறக்கிச் சொன்னேன்:

"போ கண்ணு. ஆத்துல தண்ணி எங்க இருக்குது? மணல்ல நடந்தே வந்துடுவேன்."

பாலாற்றைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. நாம் பிறந்ததிலிருந்து அதில் முழங்கால் நனைந்ததில்லை.

நீ தூணில் நெற்றியை வைத்து, "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். படியிறங்கும்போது மட்டும், "எங்கம்மாவுக்கு உன்ன மாதிரியே சளி கட்டின தொண்ட" என்றாய். நான் இருமக்கூட இல்லை.

கீழே பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். "இன்னா பாப்பா, உள்ள இன்னா பண்றீங்க?"

"எங்கம்மாவ பாக்க வந்தோம் பாய்" என்றாய்.

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"சரி. வெயில் ஜாஸ்தியா இருக்குது. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

திங்கட்கிழமை உன் அப்பாவோடு பஸ்ஸில் நானும் வந்தேன், வழியனுப்ப என்று அடம்பிடித்து. வேலூரைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும், நீ ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்து ஓர் ஆள் உட்கார இடம் விட்டாய். கூடையோடு நின்ற ஓர் அம்மா உட்காரப் போனார். "ஆள் வருது" என்றாய். பாலம் முடியும்வரை அந்த இடம் காலியாகவே வந்தது.

அப்புறம் நீ நர்ஸ் ஆனாய், பத்து நர்ஸ்களை விரட்டுகிற நர்ஸ் ஆனாய், என் பிரசவத்தில் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாய். போன வருஷம் நீ படுக்கையில் கிடந்தபோது, நாற்பது வருஷக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று, "அன்னிக்கு அந்த டேனரில..." என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "வாய மூடு. அது எனக்கும் எங்கம்மாவுக்கும் நடுவுல" என்றாய்.

மூடிக்கொண்டேன். அதையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அடுத்த மாதம் என் மகள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறாள். போகட்டுமா என்று அவள் கேட்டபோது என் தொண்டையிலிருந்து அந்தக் குரல்தான் வந்தது: "போ கண்ணு." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "சளி புடிச்சிருக்காம்மா?" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் எடுத்துப் பேச என்னிடம் ஒரு குரல் இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, கேட்டால் நெகிழ்வார் என்று நினைத்து, உன் அத்தையிடம் முழுக் கதையையும் சொன்னேன். தூண், கைத்தடம், வளைந்த சுண்டுவிரல் எல்லாம். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பச்சக் கேட்டா? அவ வேல செஞ்சது அதுக்குப் பக்கத்துக் காம்பவுண்டும்மா. பச்சக் கேட்டுல பொம்பளைங்கள வேலைக்கே எடுத்தது கெடையாது."