விருத்தாசலத்தின் இடது கால்

10.3.1985, ஞாயிறு
ஒலக்கூரில் விருத்தாசலம் வீட்டுக்குப் போய் வந்தேன். வாசல் வரை போய்த் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. போன வருஷம் காணும் பொங்கல் கபடியில் எதிர் அணியில் ஆடி, அவன் இடது கணுக்காலைப் பிடித்து முறுக்கியவன் நான்தானே. உள்ளே குருத்தெலும்பு பெயர்ந்து, நவம்பரில் மெட்ராஸில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

அவன் ஒற்றைக் காலில் நின்றபடி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான் — வெட்டித் தைத்த அதே காலில்! டாக்டர் பயிற்சிக்கு ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னாராம். இவன் இரண்டு கைப்பிடி கடலை உரித்து முடிக்கிறவரை நிற்கிறான்.

மன்னிப்புக் கேட்டேன். "ஆட்டத்துல புடிச்ச. அதுக்கு இன்னா இப்ப?" என்றான். அவன் மனைவி பாஞ்சாலி, "காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள். என்ன மனுஷர்கள்!

2.6.1985
டூட்டியில் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஏரிக்கரையில் ஓடுகிறான். நொண்டல் இல்லை. ஜன்னல் வழியே கத்திக் கூப்பிட்டேன்.

14.1.1986
நாளை மறுநாள் திண்டிவனத்தில் ஆட்டம். அவன் ஆடுகிறானாம். அந்தக் காலை யாரும் தொடக்கூடாது என்று எங்கள் விழுப்புரம் பசங்களிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். மறுபடி ஒரு ஆபரேஷனுக்கு நான் காரணமாக மாட்டேன்.

16.1.1986
திண்டிவனம் போய் வந்தேன்.

முதல் தடவை 'கபடி கபடி' என்று பாடி வந்தபோதே இடது காலை என் முன்னால் நீட்டினான். விலகினேன். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை எங்கள் களத்தின் நடுவில் நின்று பாட்டையே நிறுத்திவிட்டான். மூச்சை விட்டால் அவுட் என்று அவனுக்குத் தெரியாதா?

"ஏன்டா புடிக்கல? பிச்சை போடறியா? ஒரு வருசமா எதுக்குடா ஓடிக்கினு கெடந்தேன்?"

நடுவர் கையைத் தூக்க, வெளியே போய் உட்கார்ந்தான். நல்லது செய்கிறதாக நினைத்து நான் செய்த காரியம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்கள் ஆள் ஒருவன் அவுட்டாக, அவன் திரும்ப உள்ளே வந்து பாடியபோது அதே காலைப் பிடித்தேன். முழுப் பலத்தோடு. மேலே மூன்று பேர் விழுந்தார்கள். உருண்டான், எங்கள் நாலு பேரையும் சேர்த்து இழுத்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் மூச்சு போயிற்று. அவுட். நான் கண்ணை மூடிக்கொண்டேன் — கடவுளே, கால்? திறந்து பார்த்தால், எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஜெயித்தது நாங்கள். ஜனம் தூக்கிக்கொண்டு போனது அவனை. நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

7.2.1986
ஒலக்கூரிலிருந்து கார்டு. "16ந் தேதி வளவனூர்ல ஆட்டம். எங்க டீம்ல கால் புடிக்க ஆள் இல்ல. நீ வந்துடு."

பஸ் டிப்போவில் அன்றைய டூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டேன்.