பந்திக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை

என் பிரியமுள்ள நங்கையாவுக்கு,

மற்ற ஊர்களில் அண்ணன் மனைவியை அண்ணி என்பார்கள். எனக்கு நீங்கள் நங்கையாதான். நீங்கள் கண்ணை மூடி வருஷமாகப் போகிறது, இன்னும் வாய் பழக்கம் விடவில்லை. நேற்று லாரியில் லோடு ஏற்றும்போது, "நங்கையா, சாவி எங்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சேதிக்கு வருகிறேன். சக்கர நாற்காலியோடு உள்ளே போய்வரும்படி நீங்கள் செய்யவைத்து வாடகைக்கு விட்ட கழிப்பறைப் பெட்டிகளுக்கு இப்போது ஓய்வே இல்லை. ஒன்று ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில் நிற்கிறது. இன்னொன்று சங்ககிரியில் பாலம் கட்டும் இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே கணக்கு எழுத வரும் பெண் என்னைப் போலவே நாற்காலியில் வருகிறவள்.

நீங்கள் வைத்த வழக்கப்படி முதலில் நானே போய் இடம் பார்த்தேன். என் நாற்காலி புதையாமல் போகிற வழிதான் வழி என்பீர்களே. அங்கிருந்த இன்ஜினியர் ஜல்லிக் குவியலுக்கு அப்பால் கையைக் காட்டினார். "அங்கன மறைவா வெச்சுக்கலாமுங்க."

"மறைவுக்குத்தான் கதவு இருக்குதுங்களே, தூரம் எதுக்குங்க?" என்றேன்.

மனுஷன் சிரித்துவிட்டார். சிமெண்ட் மூட்டைகளை நகர்த்தி, ஆபீஸ் வாசலை ஒட்டியே வைக்கச் சொன்னார். இந்த வாய் எனக்கு எப்போது வந்தது நங்கையா? நீங்கள் பேசுவீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அவ்வளவுதானே என் வேலை?

உங்கள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தவள் நான். அண்ணன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து இணைச்சீர் செய்வது உடன்பிறந்தவள் உரிமை. அண்ணனுக்கு இருக்கும் ஒரே தங்கை நான். ஆனால் கல்யாணமோ திருச்செங்கோட்டுப் பக்கம் உங்கள் தோட்டக்காட்டில், பந்தல் போட்டு. சீர் எல்லாம் முடிய எத்தனை நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? வாடகைக் கழிப்பறை வண்டிக்கு ஏணி மாதிரிப் படிகள். "நாங்க தூக்கிக்கிட்டுப் போறம் சாமி" என்றார்கள் மாமன்மார்கள். பட்டுச்சேலையோடு, ஊர் பார்க்க, என்னை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கா? சித்தப்பா மகளைச் சீர் செய்யச் சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே போன் செய்தீர்கள். அதுவரை நாம் நான்கு வார்த்தை பேசியதில்லை. எடுத்ததும் ஆறுதல் சொல்வீர்கள் என்று பார்த்தால், "உங்க சேரு திரும்பறதுக்கு எவ்வளவு எடம் வேணுமுங்க?" என்று கேட்டீர்கள். டேப் வைத்து அளந்துதான் சொன்னேன். அதுவரை யாரும் கேட்டதில்லையே.

உங்கள் அப்பாவின் பட்டறையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் பாடி கட்டுவார்கள். அங்கே தகரத்தில் ஒரு பெட்டி எழும்பியது. படி கிடையாது. தரையோடு தரையாக உட்காரும், முன்னால் நீளமாக ஒரு சாய்தளம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியை இரவல் வாங்கி, கையில் மருதாணியோடு அதில் நீங்களே உட்கார்ந்தீர்கள். உள்ளே போனபிறகு கதவைச் சாத்த முடியவில்லை. கதவு உட்பக்கம் திறந்தால் நாற்காலியில் இடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா வந்துவிட்டார்.

"கல்யாணம் வெச்சிருக்கற புள்ள அதுல உக்காருவாளாடி? ஆகாதுடி, எந்திரி!"

"எந்த நேரமும் பூங்கொடி இதுலதானம்மா உக்காந்திருக்கறா? அவளுக்கு ஆகும், எனக்கு ஆகாதா?"

இதைப் பிற்பாடு உங்கள் அம்மாவே என்னிடம் சொன்னார். அன்றைக்கு முழுக்க உங்களோடு பேசவில்லையாம். நீங்களோ, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தீர்களாம். எனக்காக என் இடத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான் நங்கையா. அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு வந்தேன். பெட்டியைக் காட்டின் கோடியில் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். பந்திக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு படுதாவைக் கட்டுங்கள் என்று நீங்கள் உள்ளறையிலிருந்தே சொல்லி அனுப்பினீர்கள். இணைச்சீரில் அண்ணனுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

சீர் முடிந்ததும் உங்கள் அம்மா ஒரு பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்தார். வெளியிடத்துக்குப் போனால் பல்லில் தண்ணீர் படாமல் திரும்புகிறவள் நான். பழக்கத்தில் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில், உரக்கச் சொன்னார்:

"குடிங்க சாமி. அதான் பக்கத்துலயே ரூம்பு இருக்குதுங்கல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொம்பைக் கவிழ்த்துக் காட்டும் அளவுக்குக் குடித்தேன்.

இனி நம் பெட்டி போகும் இடமெல்லாம், அங்கே நாற்காலியில் வரும் பெண்களிடம் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்காமல் நான் திரும்ப மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
பூங்கொடி