ஸ்லாவ்சோவுக்குப் போடாத ஓட்டு

செப்டம்பர் 20
திரைப்பட விழாவில் இரண்டாம் நாள். நடுவர்கள் ஐந்து பேருக்கும் வழக்கம்போலக் கடைசி வரிசை. மாலையில் அந்தக் கல்யாணக் காமெடி. தலைநகர் சோபியாவில் கோடை முழுக்க டிக்கெட் கிடைக்காமல் ஓடியது. இங்கேயும் படிக்கட்டெல்லாம் ஆட்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில், கல்யாணப் பெண்ணின் அப்பாவாக நடிக்கும் ஸ்லாவ்சோ, காலியான மண்டபத்தில் ஒற்றை ஆளாக நாற்காலிகளை அடுக்குகிறார். ஒரு வசனம் கிடையாது. தேம்பிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது, பக்கத்தில் நடுவர் குழுத் தலைவர் அஸ்பாருக் கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்?

செப்டம்பர் 21
இன்றைய படத்தில் பனி, ஜன்னல், பேசாத இளைஞன். அரங்கு முக்கால்வாசி காலி. நல்ல படம்தான். நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 23
நடுவர் கூட்டம். சிறந்த நடிகர் யார்? ஸ்லாவ்சோவா, அந்த இளைஞனா? இரண்டுக்கு இரண்டு. மிச்சம் நான்.

“முப்பது வருஷமா நம்மளச் சிரிக்க வெக்கிறாரு. ஒரு தடவையாவது குடுங்கய்யா” என்றார் எங்களில் ஒருவரான கேமராக்காரர் சிமியோன்.

அஸ்பாருக் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஜனங்கதான் டிக்கெட் வாங்கியே பரிசு குடுத்தாச்சே. நாமளும் கூட்டத்தோட சேர்ந்து விசிலடிக்கணும்னா, நாம எதுக்கு? தெமெனுகா, உங்க ரசனை எனக்குத் தெரியும்.”

ரசனை! அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோனேன். இளைஞனுக்குக் கை தூக்கினேன்.

படம் ஓடியது என்பதற்காகப் பரிசு கொடுப்பது தப்பு — சரி. ஓடியது என்பதற்காகவே கொடுக்காமல் விட்டது மட்டும் என்னவாம்? அதுவும் டிக்கெட்டை எண்ணிப் பார்ப்பதுதானே? அவர் நடிப்பை நான் எங்கே எடைபோட்டேன்?

செப்டம்பர் 24
பரிசளிப்பு. ஸ்லாவ்சோ புதுக் கோட்டில், மனைவியோடு. பெயர் வரவில்லை. இளைஞன் மேடையேறியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

பிறகு நேரே என்னிடம் வந்தார். “நீங்க எனக்குத்தான் போட்டிருப்பீங்கம்மா, தெரியும். அன்னிக்கு அழுதீங்கல்ல? கதவோரம் நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்.” கையில் ஒரு பாட்டில் அத்திப்பழ ஜாம். “வீட்டுக்காரி செஞ்சது. ஜெயிச்சா நடுவருங்களுக்கெல்லாம்னு எடுத்துட்டு வந்தா. இப்ப உங்களுக்கு மட்டும்.”

வாங்கிக்கொண்டேன். பாவி நான், நன்றி வேறு சொன்னேன்.

செப்டம்பர் 28
வீடு. ஜாம் மேசைமேல் இருக்கிறது. திறக்கவில்லை.

அக்டோபர் 5
தாங்க முடியவில்லை. போன் செய்தேன். “அண்ணே, நான் உங்களுக்குப் போடல. நான் போட்டிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். “அட, அதனால என்னம்மா, விடுங்க” என்றார். பழகிய குரல், படத்தில் வருகிற அதே குரல். போனை வைத்துவிடுவார் என்று பார்த்தால், வைக்கவில்லை.

“அப்ப எதுக்கும்மா அழுதீங்க?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அக்டோபர் 12
அதே காமெடிக்கு டிக்கெட் வாங்கிப் போனேன். இன்னமும் கூட்டம், நடுவரிசையில்தான் இடம் கிடைத்தது. நாற்காலி அடுக்கும் இடம் வந்தது. அழுதேன். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியாது, பார்க்கவில்லை.