உன் கைப்பையில் இருந்த டெஸ்டர்

இன்று காலை பீரோவைத் திறந்தேன். உன் சேலைகளை எடுத்து வைக்கச் சொல்லி நத்தத்திலிருந்து உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சேலைகளுக்கு அடியில் உன் கறுப்புக் கைப்பை. ஜிப்பை இழுத்ததும் உன் பவுடர் வாசம் வந்தது. உள்ளே பல் உடைந்த சீப்பு, ஊக்குகள், கசங்கிய பஸ் டிக்கெட், அப்புறம் என் டெஸ்டர். மஞ்சள் பிடி போட்ட, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற அந்தச் சின்னத் திருப்புளி.

அதைச் சுவர் பிளக்கில் வைத்துப் பின்பக்கத்தை விரலால் தொட்டேன். உள்ளே இருக்கிற சின்ன பல்பு எரிந்தது. அது எரியும்போது தொட்டுக்கொண்டிருக்கிற ஆளின் உடம்பு வழியாகத்தான் கரண்ட் தரைக்குப் போகிறது. ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ போன புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன். வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இந்த டெஸ்டர் உன் பைக்குள் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடமே ஒருமுறை சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது.

செல்வமும் அருளும் ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளிகள். செல்வத்தின் அப்பாவுக்கு வெங்காய மண்டி. அருளின் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கூலி. சினிமாவோ, பரோட்டாவோ, பிரியாணியோ, முடிகிற நேரத்தில் அவர்களில் ஒருவன் சட்டைப்பையில் கைவிடுவான். நான் அப்போது கை கழுவப் போயிருப்பேன். ஒரு நாளும் அவர்கள் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ.

பாலிடெக்னிக் முடித்த வருடம் செல்வம் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. நான் சரிசெய்து கொடுத்தேன். "இவன் இருக்கையில எதுக்குப்பா கடைக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்றார் அவன் அம்மா. அன்றைக்கு அந்த வீட்டுப் படியிறங்கும்போது நான் வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு டெஸ்டர் இல்லாமல் நான் கூட்டாளிகள் வீட்டுக்குப் போனதே கிடையாது. மில்லில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்த பிறகும் அப்படித்தான். எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்தபோது அவர்கள் மாடிவீடு, கார் என்று போய்விட்டார்கள். செல்வத்தின் அம்மா அடிக்கடி ஆள் அனுப்புவார். போய்ப் பார்த்தால் பெரிய பழுது ஒன்றும் இருக்காது. பிளக்கில் ஒயர் கழன்றிருக்கும். மாட்டிவிட்டுச் சாப்பிட்டு வருவேன்.

கல்யாணமாகி உன்னை நான் முதன்முதலில் கூட்டிப்போன விசேஷம் செல்வத்தின் மகள் காதுகுத்து. உன்னைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் போனேன். மைக் செட், சீரியல் பல்பு, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வரும்போது பந்தி முடிந்திருந்தது. சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நீ எனக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாய்.

"என்னான்னு சொன்னாத்தான தெரியும்?" என்றேன்.

"எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கேட்டுச்சு, நீ கரண்டு வேலைக்கு வந்தவரு சம்சாரமான்னு."

"அதுல என்ன? கரண்டு வேலைதான பாக்குறேன்?"

"மில்லுல பாருங்க, யாரு வேணாங்கிறா? கூட்டாளி வீட்டு விசேஷத்துல இலையில உக்காரத் தெரியாதா உங்களுக்கு?"

"அவங்க எனக்கு எம்புட்டோ செஞ்சிருக்காங்கடி."

"செஞ்சாங்கள்ல? வாங்கிக்கிட்டுச் சும்மா இருங்களேன். அம்புட்டுதான். அதுவும் பெரிய வேலைதான், செஞ்சு பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருப்பது உனக்கு எளிது, உனக்கு அந்தக் கூச்சமே கிடையாது என்று நினைத்தேன். கூச்சம் உனக்கும் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. நீ அதைச் சிரிப்பாக்கி முன்னாலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவாய்.

அருள் நத்தம் ரோட்டில் வீடு கட்டினானே, அந்தப் புதுவீட்டு மந்திரிப்பு நாள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். நாம் போன நேரம் பிரியாணி வாசம் தெருமுனை வரை வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று கையை நீட்டினாய்.

"குடுங்க."

"எதை?"

"சட்டப்பையில துருத்திக்கிட்டு நிக்குதே, அதை."

"இருந்துட்டுப் போகுது. அது என்ன பாரமாவா இருக்கு?"

"பாரந்தான். உங்களுக்குத்தான் தெரியல."

பிடுங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாய். எனக்குச் சட்டை போடாமல் உள்ளே போகிற மாதிரி இருந்தது.

உள்ளே செல்வத்தின் மனைவி உன் சேலையைப் பார்த்து, "இந்தப் பட்டுன்னா உனக்கு உசுரு போல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நம் கல்யாணச் சேலை அது. எல்லா விசேஷத்துக்கும் அதுதான். நீ சிரித்தாய். "ஆமா மதினி. பட்டுன்னு இருக்கிறதே இது ஒண்ணுதான். உசுராத்தான வச்சுக்கணும்?" அவரும் சிரித்துவிட்டு உன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அருள் வந்தான். "மாப்ள, மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குதுடா. செத்த பாரேன்." பாதி எழுந்துவிட்டேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

அங்கிருந்தே நீ சத்தமாகச் சொன்னாய். "அருள் அண்ணே, இவுக இன்னைக்கு லீவு. ஆயுதத்தை நான் பறிமுதல் பண்ணிட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஒரு வேலையால்தான் இத்தனை வருடம் இவர்கள் நடுவில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை நீ ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டாய் என்று நினைத்தேன். அருள் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"ஏலே, எங்க வீட்டுல நீ முழுசா உக்காந்து இன்னைக்குத்தாம்ல பாக்குறேன். எப்பப் பாரு ஸ்டூல் மேலயே நிப்ப."

செல்வம் உன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "தங்கச்சி, நீ நல்லாருக்கணும். இது தெரிஞ்சா எங்கம்மா உனக்குக் கோயிலே கட்டும். நல்லா ஓடுற மிக்ஸியில ஒயரை உருவி வச்சுட்டுத்தான் இவனுக்கு ஆள் அனுப்பும். சும்மா கூப்ட்டா தொரை வரமாட்டாருல்ல?"

"எந்த மிக்ஸி?" என்றேன்.

"மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், எல்லாந்தான். 'கறி எடுத்திருக்கேன், அவன் வரணும், எதையாச்சும் கழட்டுடா'ன்னு என்கிட்டதான் சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிளக்கில் இருக்கிற ஒயர் அப்படித் தானாகக் கழலாது. டிப்ளமோ படித்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த வீட்டுச் சோற்றுக்கு ஈடுகட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு போட அந்த அம்மா தன் வீட்டு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் பார்க்கக் கடையிலிருந்து ஆள் வந்தது. நான் முதல் பந்தியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர் வரிசையில் இருந்து நீ என் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்டரைக் கேட்டேன். "என்கிட்டயே இருக்கட்டும்" என்றாய். மில்லில் வேறொன்று இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். அருளின் காரில்தான் மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பும்போது அந்தக் காரில் நீ இல்லை. முன்னால் போன அமரர் ஊர்தியில் இருந்தாய். செல்வம் என் தோளில் கைபோட்டிருந்தான். திண்டுக்கல் வரும் வரை அவன் அதை எடுக்கவில்லை, நானும் நகரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய ஆட்கள். உச்சிவெயிலில் கூடத்து ஃபேன் நின்றுபோனது. கண்டென்சர் போயிருக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது. எழுந்தேன்.

"உக்காருடா" என்றான் செல்வம்.

"உனக்குத் தெரியாதுடா."

"ஆமா, இது பெரிய ராக்கெட்டு. உக்காரு."

அருள் கடையிலிருந்து புதுக் கண்டென்சர் கொண்டுவந்தான். செல்வம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். மண்டி முதலாளி, வெங்காயத்தைத் தவிர எதையும் தொட்டுப் பழகாதவன். அருள் மெயினை அணைத்துவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒயரை முறுக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. ஆனால் தலைகீழாகச் சுற்றியது. கண்டென்சர் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காற்று முழுக்க மேலே கூரைக்குப் போனது.

"காத்து வருதாடா?" செல்வம் ஸ்டூலில் இருந்தே கேட்டான். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே உன் அம்மா நின்றிருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வராதது அன்றைக்கு வந்தது. அருள் ஸ்டூலை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். செல்வம் மேலே தள்ளாடிக்கொண்டு, "அடேய் அருளு, என்னையப் பிடிடா" என்று கத்தினான்.

"வருதுடா, நல்லா வருது" என்றேன்.

இன்றும் அது அப்படித்தான் ஓடுகிறது. ஒரு ஒயரை மாற்றினால் சரியாகிவிடும். டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. நான் தொடவில்லை. செல்வம் ஒவ்வொரு முறை வரும்போதும் அண்ணாந்து பார்த்து, "நம்ம போட்டதுல்ல" என்கிறான். "ஆமாடா" என்கிறேன்.

நாளைக்கு அவன் வீட்டில் கறி எடுக்கிறார்களாம். இந்த முறை அவன் அம்மா எதையும் கழற்றவில்லை. "சாப்ட வாடா" என்று மட்டும் போனில் சொன்னார். வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

டெஸ்டரைத் திரும்ப உன் பையிலேயே வைத்து ஜிப்பை மூடினேன். சேலைகள் நத்தம் போகும். பை இங்கேதான் இருக்கும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேர்க்கிறது. பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.