மூன்றில் தொடங்கும் ஐந்து எண்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு. ஆதரவில்லாத பெண்களுக்கான எங்கள் ஹோமில் தண்ணீர் மோட்டார் மறுபடி ரிப்பேர். எலக்ட்ரீஷியனைத் திட்டணும்.

மேடம் கூப்பிட்டார். பாவாயி அக்காவை வெள்ளிக்கிழமை சென்னைக்கு, பெரிய ஹோமுக்கு அனுப்பப்போகிறார்களாம். சேலம் பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு கிடந்தவரைப் போலீஸ் கொண்டுவந்து விட்டது. பேர் தெரிகிறது. ஊர், சொந்தம், எதுவும் நினைவில்லை. ஐந்து எண்கள் மட்டும் பாட்டு மாதிரி வரும். கூடவே, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டனுங்க சாமி, பொங்கீரும். ஊட்டுக்குப் போவோணும்."

"அது பின்கோடும்மா. கடைசி நம்பர மறந்திருப்பாங்க" என்றார் மேடம். நம் பக்கத்துப் பின்கோடு எல்லாம் ஆறில் தொடங்கும். இது மூன்றில். பழைய லேண்ட்லைன் போன் நம்பராகத்தான் இருக்கணும். எங்கள் அப்பா வீட்டு நம்பரும் முதலில் ஐந்து எண்தான். பிறகு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தார்கள். சேலம் டவுன் நம்பர் இன்னும் நீளம். ஆக, டவுன் இல்லை.

சென்னைக்குப் போனால் அவ்வளவுதான். அங்கே வந்து யார் தேடப்போகிறார்கள்? விடமாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

தோசை மாவு புளித்துப் போச்சு. வீட்டுக்காரர் முகம் உர்ர்.

'ஊடு', 'போவோணும்'. சந்தேகமே இல்லை, நான் பிறந்த திருச்செங்கோட்டுப் பக்கம்தான். மதியம் உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஒவ்வொரு எஸ்.டி.டி. கோடாக, அக்காவின் ஐந்துக்கு முன்னால் இரண்டைச் சேர்த்து அடித்தேன்:

04288 திருச்செங்கோடு. இணைப்பில் இல்லை.
04286 நாமக்கல். கோழித்தீவனக் கடை. "ஏனுங்க, பாவாயியா? அப்படி ஆரும் இல்லைங்களே."
04283 சங்ககிரி. இணைப்பில் இல்லை.
04287 ராசிபுரம். ரிங் போகுது, ஆள் இல்லை. நாளைக்கு.

கூட வேலை செய்யும் செல்வி: "யக்கா, லேண்ட்லைன் எல்லாம் இப்ப யாரு வெச்சிருக்கா? விட்டுத் தள்ளுங்க." எனக்கு வந்ததே கோபம். உன் அம்மாவாக இருந்தால் விடுவாயா என்று கேட்டுவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போச்சு.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் நல்ல மழை. குடை ஹோமிலேயே.

ராசிபுரம் எடுத்தார்கள். யாரோ ஒரு வாத்தியார். பாவாயி என்று யாரையும் தெரியாதாம். பொறுமையாகப் பேசினார், ஆனால் என்ன செய்ய. எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் வேறு கோடு இல்லை. திருச்செங்கோட்டுக்கே திரும்ப அடித்தேன், நப்பாசை. அதே குரல், இணைப்பில் இல்லை.

பாவாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பால் பொங்கீருக்கும், இல்லீங்களா?" அழுகை வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேடம் சென்னைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாச்சு. பாவாயி அக்காவின் பையும் கட்டியாச்சு. மோட்டார் ஓடுது.

மதியச் சாப்பாடு. "எங்கூட்டுல தக்காளி தீந்துபோச்சு, இன்னைக்கு வெறும் புளிக்கொழம்புதான்" என்றேன். செல்வி கோபத்தை மறந்து சிரித்தாள். அவள் ஆத்தூர்க்காரி. "இந்தப் பக்கம் வாக்கப்பட்டு இத்தன வருஷமாச்சு, இன்னும் எங்கூடு, எங்கூடுன்னுதானே சொல்றீங்க!"

சோறு கையிலேயே நின்றது. அட மடச்சி! பேச்சு பிறந்த வீட்டுது. நம்பர்? என்னை எழுப்பிக் கேட்டால் நான் வாக்கப்பட்ட வீட்டு நம்பரைத்தானே சொல்வேன்? பாவாயி அக்காவையும் என்னைப்போலச் சேலத்துக்குக் கிழக்கே கட்டிக்கொடுத்திருந்தால்?

கைகூடக் கழுவவில்லை. ஆபீசுக்கு ஓட்டம். மேடம் முறைத்தார். முறைக்கட்டும். 04282, அந்தக் கிழக்குப் பக்கத்து ஆத்தூர்க் கோடு. இரண்டு. பிறகு அக்காவின் ஐந்து. ரிங்.

"யாருங்க?" வயசான ஆண் குரல். தம்மம்பட்டியாம். பாவாயி பேரைச் சொன்னேன்.

"உசுரோட இருக்காளா? பொறந்த வூட்டுக்குத்தான் போயிருப்பான்னு திருச்செங்கோடு பூரா தேடினோம்மா."

அக்காவின் வீட்டுக்காரர். அவரும் நான் தேடின இடத்திலேதான் தேடியிருக்கிறார். செல்வி போய்ப் பாவாயி அக்காவைக் கூட்டிவந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா போன் பக்கம் குனிந்தார்.

"பாவாயி பேசறனுங்க. அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டன். எறக்கிட்டீங்களா?"

"எறக்கிட்டேன் பாவாயி. பொங்கல. நீ வா."