குமரா, உன் கோழிக்கூண்டை அறுத்துவிட்டோம்

என் செல்லத் தம்பி குமரனுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். போன் பண்ணினால் நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, மணிக்கட்டில் சின்ன விரிசல். மற்றபடி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். நான்தான் கொஞ்சம் ஓய்ந்துபோயிருக்கிறேன்.

பிரம்மதேசத்தில் என் வீடு, மரக்காணத்தில் அம்மா வீடு, புதுச்சேரியில் வேலை. நீ போனதிலிருந்து இந்த மூன்றுக்கும் நடுவில் பஸ்ஸிலேயே என் பொழுது கழிகிறது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டிவிட்டு, இங்கே மரக்காணத்தில் வந்து இறங்கி உப்பளத்து ஓரமாக நடந்து வரும்போது கால் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கும். வந்ததும் உன் பைக் நிற்கிற இடத்தை ஒரு தடவை பார்ப்பேன். பைக்கை விற்றாகிவிட்டது என்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கோழிக்கூண்டை அறுத்துவிட்டோம்டா.

அது வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏசி ரிப்பேருக்காக ஆரோவில் பக்கம் போன வீடுகளில் பார்த்துவிட்டு, அம்மாவுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஆன்லைனில் வாங்கினாய். தட்டையான அட்டைப்பெட்டியில் வந்தது. பெட்டி மேல் பச்சைப் புல்தரையும் குண்டு குண்டுக் கோழிகளுமாக ஒரு படம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதை எங்கே மாட்டுவது என்று படம் போட்டிருந்த தாளைக் காலடியில் கல் வைத்து விரித்துக்கொண்டு, பலகை பலகையாக நீயே மாட்டினாய். சாயங்காலத்துக்குள் சின்ன வீடு மாதிரி நின்றது. சரிவான கறுப்புக் கூரை, முட்டையிட ஒரு தனி அறை, ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை, கீழே கம்பிவலை. அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கோழிக்கு எதுக்குடா பங்களா? அதுங்க பாட்டுக்கு முருங்கை மரத்துல ஏறித் தூங்குது."

"நாய் வருதும்மா. ராணிக்கா வீட்டுல கோழி போச்சு தெரியும் இல்ல? இதுல போட்டுப் பூட்டிட்டா உனக்கு நிம்மதி."

அதற்கப்புறம் நீ இருந்தது கொஞ்ச நாள்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், டெங்கு என்றார்கள், திரும்பி வரவில்லை. அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள், அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கூண்டின் ஒவ்வொரு பலகையையும் துடைத்தாள். அன்றிலிருந்து தினமும் துடைத்தாள். சோறு வடிக்க மறந்துபோகும், துணி ஊறப்போட்டது மறந்துபோகும், கூண்டு துடைப்பது மட்டும் மறக்காது. உன் பெயரை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. நான் "தம்பி" என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். பேச்சு இல்லாத வீட்டில், துடைத்துத் துடைத்துப் பெயின்ட் போன அந்தக் கூண்டு ஒன்றுதான் நீ இருந்ததற்கு அத்தாட்சி மாதிரி நின்றது.

பிறகு வெயில் வந்தது. நம் ஊர் வெயில்தான் உனக்குத் தெரியுமே, மேலேயிருந்து ஒரு பக்கம், உப்பளத்தின் வெள்ளையிலிருந்து ஒரு பக்கம். ஒருநாள் மத்தியானம் கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. உள்ளே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நின்றன. அந்த வாரமே புள்ளிக்கோழி செத்தது.

"சீக்கு வந்திருக்கும்" என்றாள் அம்மா.

"சீக்கு இல்லம்மா, புழுக்கம். கூரையைப் பிரிச்சு மேல வலை அடிச்சிட்டா போதும்."

"அவன் போட்ட கூரை. யாரும் கைய வைக்கக் கூடாது."

எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்து கருப்பி போனது. முட்டையறைக்குள் அடை உட்கார்ந்திருந்தவள், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட வராமல் அப்படியே. அம்மா அவளை முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

மிச்சம் இருந்த கோழிகளுக்கு அம்மாவைவிட நன்றாகவே புரிந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் கூண்டுப் பக்கமே வராது. பழையபடி முருங்கை மரத்துக்குப் பறக்கும். அம்மா விடவில்லை. வருஷக்கணக்கில் உப்பு வாரித் தேய்ந்த முட்டியை வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவாள். பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிற ராணிக்கா, "ஏங்க, மரத்துலயே கிடந்துட்டுப் போவுது, விடுங்களேன்" என்று சொன்னால், "என் புள்ள வாங்கிப் போட்டது எதுக்கு?" என்று கேட்பாளாம்.

அப்படித் துரத்தும்போதுதான் விழுந்தாள். நான் கடையில் இருந்தேன். ராணிக்கா போன் பண்ணினாள். "பதறாத அமுதா, கை மட்டும்தான். பேசறாங்க, நல்லா பேசறாங்க." பஸ் முழுக்க அந்த "மட்டும்தான்" என்கிற வார்த்தையையே பிடித்துக்கொண்டு வந்தேன். உன் விஷயத்திலும் முதலில் காய்ச்சல் மட்டும்தான் என்றுதானே சொன்னார்கள்?

கட்டுப் போட்டுக் கூட்டி வந்த பிறகு என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, சொன்னார், "கோழிய எல்லாம் பிரம்மதேசத்துக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். நம்ம கொட்டகையில கிடக்கட்டும்." நல்ல யோசனைதான். ஆனால் கோழி போய்விட்டால் அம்மா என்ன செய்வாள்? காலிக் கூண்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை நினைக்கவே எனக்கு மலைப்பாக இருந்தது. அதனால் அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நான் கூண்டை அறுக்கப் போறேன்மா."

"அறுத்தா என் மூஞ்சிலயே முழிக்காத."

"அவன் இருந்தா அவனே அறுத்திருப்பான்."

"அவன் இருந்தா அறுக்கட்டும். இல்லாதவன் மாட்டினதை நீ எப்படிடி அறுப்ப?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ஞாயிறு காலையில் மாமா பைக்கில் ஹாலோ பிளாக் கல் கொண்டுவந்து இறக்கினார். நான் கேட்கவில்லை. இன்னொரு நடை போய், வெல்டு மெஷ் வலையும் சவுக்குக் கழியும் கொண்டுவந்தார். அம்மா உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பரண் மேலிருந்து உன் டூல்ஸ் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் கிரீஸும் உன் வேர்வையும் கலந்த வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கையை உள்ளே விடவே முடியவில்லை. மாமா பக்கத்தில் வந்து நின்றார், அவசரப்படுத்தவில்லை.

முதலில் அறுக்காமலே பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன், நம்பு. நீ மாட்டின ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி, பத்திரமாக எடுத்து வைத்து, திரும்ப மாட்டலாம் என்று. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை பொடிப்பொடியாக உதிர்கிறது. கூரையை நெம்பித்தான் எடுத்தோம்.

கூரையை எடுத்ததும் மாமா குனிந்து பார்த்தார். "அமுதா, இங்க வா."

கூரைக்குக் கீழே முன்பக்கம், வரி வரியாக வெட்டு விட்ட ஒரு பலகை இருக்கும் இல்லையா? அழகுக்கு வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது காற்றுக்காம். அதற்கு உள்பக்கம் அதே மாதிரி இன்னொரு பலகை. அதை நகர்த்தினால் வெட்டும் வெட்டும் நேருக்கு நேர் வந்து காற்று போக வேண்டும். நீ அந்த உள்பலகையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாய்டா. எப்படி நகர்த்தினாலும் ஒன்றின் வெட்டை இன்னொன்று அடைத்துக்கொண்டே நிற்கும். ஆரம்பத்திலிருந்தே அந்தக் கூண்டுக்குள் காற்று போகவே வழி இல்லை.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அத்தைகிட்ட சொல்லாத" என்றார் மாமா மெதுவாக. கருப்பியை அவள் புதைத்ததைப் பார்த்தவர் அவர். நானும் தலையாட்டினேன்.

"இன்னா அது?"

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கையால் அந்தப் பலகையைப் பிடித்து நகர்த்திப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உப்பளத்து மடையில் தண்ணீர் அடைத்துத் திறந்தவள், அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

"தலைகீழா மாட்டிட்டானா?"

அழப் போகிறாள் என்று நினைத்து, பிடிப்பதற்குக் கையை நீட்டினேன். அவள் சிரித்தாள் குமரா. முதலில் மூச்சு மட்டும்தான் வந்தது, பிறகு சத்தமாக. "ஒண்ணாவது படிக்கும்போது செருப்பைக் கால் மாத்திப் போட்டுட்டு வருவான். வளர்ந்தும் அதே கதைதான்" என்றாள். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் கதை அது. சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு அழுதாள். நானும் அழுதேன். மாமா கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அம்மா சொன்னாள், "அவன் சரியா மாட்டியிருந்தாலும் இந்த ஊரு வெயிலுக்கு இது பத்தாதுடி. அறு."

அறுத்தோம். பலகை ஆடாமல் இருக்க அம்மாவே காலால் மிதித்துக்கொண்டாள். முன்பக்கமும் பின்பக்கமும் மேல்பாதியை எடுத்துவிட்டு வலை அடித்தோம், இப்போது கடல்காற்று நேராக உள்ளே புகுந்து போகிறது. கறுப்புக் கூரைக்குப் பதில் கீற்று வேய்ந்தோம். நீ வைத்த உட்காரும் கட்டை தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, நாட்டுக்கோழி அதில் எப்படி உட்காரும்? அதை எடுத்துவிட்டு சவுக்குக் கழியை உயரத்தில் கட்டினோம். மழைத்தண்ணீர் ஏறாமல் மொத்தத்தையும் ஹாலோ பிளாக் மேல் தூக்கி வைத்தோம். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு மாமா மீன்வலைக் கயிற்றால் ஒரு முடிச்சு போட்டார். நாய்க்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சாம்.

முடிந்ததும் பார்த்தால் பெட்டி மேலே இருந்த படத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோணல்மாணலாக இருக்கிறது. ராணிக்கா வந்து பார்த்துவிட்டு, "டீக்கடை மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

சாயங்காலம் மூன்று பேரும் டீயை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா யாரையும் துரத்தவில்லை. வெடைக்கோழி முதலில் பலகையில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பின்னாலேயே சேவலும் போனது. சிவப்பி மட்டும் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முருங்கை மரத்துக்குப் பறந்துவிட்டாள். நான் எழுந்தேன்.

"உட்காரு. அவளுக்கு அங்கதான் தூக்கம் வருது" என்றாள் அம்மா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அம்மாவின் கையும் கூடிவர நாளாகும், அதுவரை அவளுக்குத் தலை வாரிவிட, சோறு வடிக்க நான்தான். சில நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிடுகிறேன். ஆனால் வீட்டில் உன் பெயர் கேட்கிறது. பால்காரரிடமும், ரேஷன் கடை வரிசையிலும், "என் புள்ள கூண்டு மாட்டின கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். சென்னைக்குப் போக வேண்டியவன் புதுச்சேரி பஸ்ஸில் ஏறித் தூங்கியதையும் சேர்த்துச் சொல்கிறாள். கேட்கிறவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவளே முதலில் சிரித்து அவர்களைக் காப்பாற்றுகிறாள்.

உனக்குக் கோபமா குமரா? ஊரெல்லாம் உன் மானம் போகிறதே என்று?

இருந்தாலும் நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைச் சாமியாக்கி மாலை போட்டு உட்கார வைக்க மாட்டேன். நீ சொதப்பியதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவேன், கோபம் வந்தால் பெயரைச் சொல்லித் திட்டுவேன். அம்மா சிரிக்கிற வரைக்கும் சொல்லுவேன், அவள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் இனிமேல் உன் பெயரைப் பேசாமல் ஒரு பொழுதும் போகாது.

உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய பாக்கி வைத்திருக்கும்
உன் அக்கா அமுதா