லண்டனில் நான் பார்த்த நோயாளி

என் அருமை அப்பாவுக்கு,

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டேன். லீவு கேட்டேன், கொடுத்தார்கள், அவ்வளவுதான். போன வருஷமும் கொடுத்திருந்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீடு அப்படியே இருக்கிறது. வாசலில் ஸ்டார் தொங்கவிட நீங்கள் அடித்த ஆணியும் இருக்கிறது. உங்கள் பெயிண்ட் கடை இப்போது மொபைல் கடை. ராயகிரிக்காரர் ஒருவர் மட்டும் இன்னமும் வந்து, உங்களைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாராம்.

நேற்று கிரேஸ் அத்தை வந்தார். சபையில் பெண்கள் சங்கத்துக்கு இப்போதும் அவர்தான் செயலாளர்.

“ஏட்டி, பண்டிகை அன்னைக்குக்கூட நோயாளிய விட்டுட்டு வராம இருந்தவ நீ. அதச் சொல்லும்போதெல்லாம் உங்கப்பாவுக்குக் கண்ணு கலங்கிரும். வார ஞாயித்துக்கெழம சபை முன்னால எந்திச்சு ஒரு சாட்சி சொல்லு” என்றார்.

நான் தலையாட்டினேன். காபி போட்டுக் கொடுத்தேன். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் கூசுகிறது.

இந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். போன கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனையில் எனக்காக ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்தீர்கள். லண்டனில் பண்டிகையை விட்டுவிட்டு நோயாளியைக் கவனிக்கும் மகளுக்காக, அந்த நோயாளியின் சுகத்துக்காக என்று போதகர் வாசித்தாராம். சபையே கண்ணை மூடி ஜெபித்திருக்கிறது.

அப்பா, அந்த லீவு இரண்டு வாரமும் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எங்கள் வார்டு மூத்த நர்ஸ் ஒருத்தி மகன் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டையும் இரண்டு பூனைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடினாள். நானாகத்தான் கையைத் தூக்கினேன். மூன்று பேரோடு ஒரே அறையில் நாலு வருஷம் கிடந்தவளுக்கு, பூங்காவைப் பார்த்த ஜன்னலும் தனிக் கட்டிலும் பெரிதாகப் பட்டன. ஊருக்கு வந்தால் ஆராதனை முடிந்து கோவில் வாசலைத் தாண்டுவதற்குள் பத்துப் பேர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். அம்மா போனபிறகு அவர்களுக்கெல்லாம் நீங்கள் ஒற்றை ஆளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. டூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

பூனைகளில் பெரியதன் பேர் ஆலிவ். கிழம், சிறுநீரகக் கோளாறு வேறு. மாத்திரையை மீன் துண்டுக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டும். போனில் அலாரம் வைத்து, ஒரு வேளைகூடத் தப்பாமல் கொடுத்தேன். உங்கள் பிரஷர் மாத்திரை என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் நீங்கள் கூப்பிட்டீர்கள். அங்கே மத்தியானம், உங்களுக்குச் சாயங்காலம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்பித்தீர்கள். அலாரம் அடித்தது. மாத்திரை கொடுக்கணும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன்.

“போ மக்கா, மொதல்ல நோயாளியப் பாரு. நான் எங்கன ஓடிரப் போறேன்” என்றீர்கள்.

அப்புறம் நான் கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்றாவது சொல்லலாம், அதுவும் பொய். மீனைத் தின்றுவிட்டு ஆலிவ் என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. போன் எட்டாத தூரத்தில் இருந்தது. எழுந்தால் பூனை முழித்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வீடியோவில் பேசினோம். அதே அலாரம் அடித்தது. ஆலிவ் மீனுக்காக மேசைமேல் பாய்ந்து, திரை முழுக்கத் தன் மூஞ்சியைக் காட்டியது. என் கையில் மாத்திரை அட்டை. பக்கத்து வீட்டுப் பூனை என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தீர்கள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். நம்பிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

பிப்ரவரியில் கடைப் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். நான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்து, என் சேவையைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று அத்தை போனதும், சாட்சிக்கு எதையாவது தயார் பண்ணலாம் என்று உங்கள் வேதாகமத்தை எடுத்தேன். அடியில் அந்த ஜெப நோட்டு இருந்தது. யாரையும் தொட விடமாட்டீர்களே, அதுதான். டிசம்பர் பக்கத்தில் உங்கள் குண்டு எழுத்தில், ‘மகள் கவனிக்கும் நோயாளி சுகம் பெற’. அதில் ‘நோயாளி’யை ஒரே கோடாக அடித்து, மேலே ‘பூனை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கடுத்த பக்கங்களிலும், கடைசி நாள் வரைக்கும், மகள், பூனை, மகள், பூனை. உங்கள் மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை அப்பா.

ஏன் என்னைக் கேட்கவில்லை? ஒரு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா? அத்தையிடம்கூடச் சொல்லாமல், என் பொய்யை மூடி வைத்துக்கொண்டு எப்படிக் கோவிலுக்குப் போய் வந்தீர்கள்?

ஆலிவ் நன்றாக இருக்கிறது. போன வாரம் படம் வந்தது, சதை போட்டிருக்கிறது. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட உங்களைத் தவிர இந்த ஊரில் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பேன். போன வருஷம் சபை எந்த நோயாளிக்காக ஜெபித்தது என்று சொல்லுவேன். யார் நோயாளியாக இருந்தார் என்பதையும் சொல்லுவேன். அத்தை முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் திருத்திய வரியைத் திருத்தியபடியே வாசிப்பேன். இந்த வாக்கில் பொய் இல்லை.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாத,
உங்கள் மகள்
ஜெனி